செலவுக் கணக்கில் யாதம்மா

1

போன வாரம் மின்சார மீட்டர் பார்க்க ஆள் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பை, காதில் செருகிய பென்சில். யாதம்மா கதவைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் வசு, அந்தப் பையைப் பார்த்ததும் பட்டென்று கையை விட்டுவிட்டாள். தள்ளிப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். யாதம்மாவும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் நின்றார்கள்.

மீட்டர்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தியதும் வசு ஓடிவந்து மறுபடியும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமே நடக்காத மாதிரி இருவரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள்.

நான் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துக்கொண்டிருந்த வரி முழுக்கத் தப்பு. தாளை உருவிக் கசக்கிப் போட்டேன்.

ஐதராபாத்துக்குக் குடிவந்து எட்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, நம் ஊர் அரிசி கிடைக்கிறதா, பிள்ளை தமிழ் பேசுகிறாளா என்று திருச்சியிலிருந்து வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதியாகிவிட்டது. இது யாரும் கேட்காத விஷயம். வருமான வரிப் படிவம் நிரப்புகிற நாள் திரும்பவும் நெருங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லாமல் அந்தப் படிவத்தைத் தொட எனக்குக் கை வரவில்லை.

2

என் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சி பாலக்கரையில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்களைக் கல்யாணம் ஆகும்வரை போட்டுவைக்கிற இடம் அது. மற்றவர்களுக்கு லோயர் பரீட்சை முடிப்பதற்குள் வீட்டில் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவார்கள். எனக்கு வரன் அமையத் தாமதமானதால் ஹையரும் முடித்தேன். என் பிழைப்புக்குக் காரணம் அந்தத் தாமதம்தான்.

கல்யாணமாகி இங்கே வந்தோம். அவருக்கு மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை. தார்நாகாவில் வீடு. சுற்றிலும் ஆராய்ச்சிக்கூடங்கள், தெருவுக்கு நாலு விஞ்ஞானிகள். அவர்களுக்குக் கீழே ஆய்வு செய்கிற பிள்ளைகள் தீஸிஸைக் கையால் எழுதி வைத்துக்கொண்டு டைப் அடிக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். பழைய மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினேன். ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு ஆராய்ச்சிக்கூடமே தன் ஆண்டறிக்கையையும் மற்ற அறிக்கைகளையும் என்னிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தது. முதல் காசோலையில் என் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' என்று போட்டிருந்தார்கள். இவ்வளவு வேகமாக அடிக்கிற கான்ட்ராக்டர் ஆண் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாக முடிவுசெய்துவிட்டார்கள். அதை 'ஸ்ரீமதி' என்று மாற்றிவாங்க ஒரு மாதம் பிடித்தது.

ஒப்பந்தக்காரி என்று ஆனதும் பில் தொகையில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். பிடித்த பணம் திரும்ப வேண்டுமென்றால் இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு என்று கணக்குக் காட்டிப் படிவம் போட வேண்டும். அதோடு, வரி பாக்கி இல்லை என்று வருமான வரி ஆபீஸில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷ ஒப்பந்தம். மாதச் சம்பளக்காரரான என் கணவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆபீஸே கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடும். "நீ முதலாளி, நான் கூலி. முதலாளிக்குத்தான் கவலையெல்லாம்" என்று சிரிப்பார்.

3

யாதம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது வசுவுக்கு மூன்று மாதம். யாதம்மாவுக்குச் சொந்த ஊர் ஜனகாம் பக்கம். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. காலையில் என் கணவர் பஸ் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். அவள் வந்து குழந்தையைக் கையில் வாங்கினால்தான் என் கை மெஷினுக்குப் போகும். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது எல்லாம் அவள்தான். குழந்தைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் யாரோ ஒருவருடைய ரசாயனச் சமன்பாடுகளை அடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் வசு சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னத்துக்குச் சிரிக்கிறாள் என்று எழுந்துபோய்ப் பார்க்க நேரம் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. யாதம்மா என்னிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். வசு யாதம்மாவிடமிருந்து தெலுங்கு கற்றுக்கொண்டாள். "அம்மா, நீ சாப்பிடு, ஆறிப்போவுது" என்று யாதம்மா என்னை நீ என்று அழைத்து அதட்டுவாள். பெற்ற மகளோ நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் "நக்கோ" என்பாள். லீவுக்குத் திருச்சி போனபோது என் அண்ணன் அவளைத் தூக்கப் போனார். "யாதம்மா காவாலி" என்று தெருவே கேட்க அழுதாள். யாதம்மா வேண்டுமாம். அண்ணி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். "டைப்பு அடிச்சு சம்பாதிச்சது போதும்மா, பிள்ளை உன்னுதுன்னு அதுக்கு ஞாபகம் இருக்கா?" என்று வாய்விட்டும் கேட்டுவிட்டாள். ரொம்பக் கோபம் வந்தது.

4

எங்கள் தெருக்கோடியில் தெய்வநாயகம் சார் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். அக்கம்பக்கத்தாருக்கு வரிப் படிவம் எழுதிக்கொடுப்பார். காசு வாங்கமாட்டார், காபி மட்டும்தான். அவர்தான் போன வருஷம் என் செலவுகளை எழுதினார். ரிப்பன், கார்பன் தாள், ஸ்டென்சில், மெஷின் பழுதுபார்த்த கூலி, ஆராய்ச்சிக்கூடத்துக்கு ரிக்ஷாக் கூலி.

"வேற?" என்றார்.

"யாதம்மா சம்பளம். அதுதான் சார் பெரிய செலவு. மத்ததெல்லாம் சேத்தாக்கூட அதுல பாதி வராது."

பேனாவை மூடிவிட்டார். "அது வீட்டுச் செலவும்மா. புள்ளைய பாத்துக்கிடுததுக்கு சர்க்கார் கழிவு தராது."

"அவ இல்லேன்னா நான் ஒரு வரி அடிக்க முடியாது சார்."

"எனக்குத் தெரியுது. சட்டத்துக்குத் தெரியணும்லா? ஜீடிமெட்லாவுல ஃபாக்டரி வச்சிருக்கவன் காவல் நாய்க்குப் போடுத சோத்தைக் கூட செலவுல எழுதுதான். அதை ஆபீசர் ஒத்துக்கிடுவான். புள்ளைக்குன்னா ஒத்துக்கிடமாட்டான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டு, "சரி, அந்தப் பொம்பளை உங்க தொழில்ல ஒத்தாசையே பண்ணமாட்டாளா? தாள் கீள் அடுக்குவாளா?" என்று கேட்டார்.

எப்போதாவது அடுக்குவாள். தீஸிஸ் அவசரமாகப் போக வேண்டிய நாளில், வசு தூங்கும்போது, தாளுக்கு நடுவே கார்பன் வைத்துக் கொடுப்பாள். அதைச் சொன்னேன்.

"அப்ப முடிஞ்சிபோச்சு. ஆபீஸ் உதவியாள்னு எழுதிருதேன்" என்று பேனாவைத் திறந்தார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் யோசனை சொன்னார், அவ்வளவுதான். தலையை ஆட்டியது நான்.

மாதத்துக்கு ஒரு ரசீது, ஒவ்வொன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் யாதம்மாவின் கைநாட்டு. ஒரே மத்தியானத்தில் வருஷம் முழுவதற்கும் வைத்து முடித்தோம். மை டப்பாவைப் பார்த்த வசு தனக்கும் வேண்டுமென்று அடம்பிடித்து, கட்டைவிரலில் நீலத்தைப் பூசிக்கொண்டு மீட்டருக்குக் கீழே சுவரெல்லாம் ஒற்றிவைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

5

கணக்கைப் பார்த்த வருமான வரி அதிகாரிக்கு ஒரு டைப்பிஸ்டுக்கு உதவியாள் எதற்கு என்று தோன்றியிருக்கிறது. ரசீதுகளோடும் சம்பந்தப்பட்ட ஆளோடும் வந்து நேரில் விளக்கம் சொல்லும்படி நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

பொய் என்று தெரிந்தால் சான்றிதழ் கிடைக்காது, ஒப்பந்தம் போய்விடும். மெஷின் தவணையே இன்னும் முடியவில்லை. தெய்வநாயகம் சார் தைரியம் சொன்னார். "ஒண்ணும் பயப்படாதீங்க. அவளுக்கு நல்லா சொல்லிக்கொடுங்க. தாள் அடுக்குதேன், கட்டுதேன், அவ்வளவுதான் சொல்லணும். புள்ளை பேச்சே எடுக்கக்கூடாது."

சொல்லிக்கொடுத்தேன். யாதம்மா கவனமாகக் கேட்டாள். உதடு அசைய அசைய எனக்கே திருப்பிச் சொன்னாள். "தாள் அடுக்குறேன். கட்டு கட்டுறேன். கொண்டுபோயி குடுக்குறேன்." பிறகு, "பாப்பா பத்தி கேட்டா?" என்றாள்.

"பாப்பா என் பொண்ணு. அவளுக்கும் உனக்கும் ஒண்ணும் இல்லை. அவ்வளவுதான் சொல்லணும்" என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். எனக்கு ஆபத்து என்று மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது. அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

விசாரணை நாளில் இன்னொரு சிக்கல். யாதம்மாவும் ஆபீஸுக்கு வருகிறாள் என்றால் வசுவை யார் பார்த்துக்கொள்வது? என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் அழுகிற பிள்ளையை அடுத்த வீட்டிலும் விட முடியாது. வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும்போதே அவளுக்கும் பாடம் எடுத்தேன். "பை வெச்ச ஆபீசர் இருப்பார். அவர் முன்னாடி யாதம்மாகிட்டப் போகக்கூடாது. கையைப் பிடிக்கக்கூடாது. அம்மா பக்கத்துலயே நிக்கணும்." நான்கு வயதுப் பிள்ளை. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

அதிகாரி நல்ல மனிதர். கடலோர ஆந்திராக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. மேஜைமேல் தோல்பை வைத்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார், ரசீதுகளைப் புரட்டினார். என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், யாதம்மாவிடம் தெலுங்கில் கேட்டார். தாள் அடுக்குவதையும் கட்டுக் கட்டுவதையும் அவள் அட்சரம் பிசகாமல் சொன்னாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றாள்.

வசுவுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். காலையிலிருந்து பஸ், பிறகு வராந்தாவில் காத்துக்கிடந்தது. என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மெல்ல விட்டுவிட்டு நடந்துபோய் யாதம்மாவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"எத்துகோ" என்றாள். தூக்கிக்கொள் என்று அர்த்தம். அவள் முதன்முதலில் பேசக் கற்றுக்கொண்ட சொற்களில் அது ஒன்று.

யாதம்மா குனியவில்லை. கோத்த கை கோத்தபடி இருந்தது. அதிகாரியின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்துகோ, யாதம்மா." வசு முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குரல் உடைந்துவிட்டது.

அதிகாரி பேனாவை வைத்தார். "பாப்ப நீக்கு தெலுசா?" என்று யாதம்மாவிடம் கேட்டார். குழந்தையை உனக்குத் தெரியுமா?

"அம்மகாரி பிட்ட சார்" என்றாள் யாதம்மா. அந்த அம்மாவின் பிள்ளை. அவ்வளவுதான், நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

நான் எழுந்துபோய் வசுவைத் தூக்கினேன். என் கையில் நிற்காமல் துள்ளித் துள்ளி யாதம்மாவின் பக்கமே சாய்ந்தாள். அந்த அறையில் ஒரே ஒரு நிமிஷம், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சார், நான் சொன்னது பொய், இவள்தான் என் பிள்ளையை வளர்க்கிறாள், அதுதான் என் தொழிலுக்கு நான் செய்கிற பெரிய செலவு, உங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. எல்லாம் இங்கிலீஷில் வரிசையாகவே வந்தது. சொல்லவில்லை. ஒப்பந்தம் போய்விடும் என்ற பயம் வாயை அடைத்துவிட்டது.

அதிகாரி வசுவைப் பார்த்தார், யாதம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் ரசீதுகளின்மேல் ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட்டார். "பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் யாதம்மா கையை நீட்டினாள். வசு போகவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரைக்கும் அவள் என்னிடமே இருந்தாள். நாலு வருஷமாக நான் ஏங்கியது அதற்குத்தான். அது கிடைத்த விதத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. யாதம்மா பஸ்ஸில் எங்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, கோத்த கையைப் பிரிக்காமலே வந்தாள்.

6

இரண்டு நாளில் வசு எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் யாதம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள், அவள் கையால்தான் சாப்பிட்டாள். எனக்கு நிம்மதிதான். கொஞ்சம் வருத்தமும்தான், அதையும் மறைக்கவில்லை. சான்றிதழ் வந்தது, பிடித்த பணம் திரும்பி வந்தது, ஒப்பந்தமும் தொடர்ந்தது. அந்தப் பணத்தில் யாதம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். "எதுக்கும்மா?" என்று கேட்டாள். பண்டிகைக்கு என்றேன். அப்போது எந்தப் பண்டிகையும் இல்லை.

பிள்ளை மறக்கவில்லை என்று மீட்டர்காரர் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பை வைத்த ஆள் வந்தால் யாதம்மாவின் கையை விட்டுவிட வேண்டும். பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் கதவைத் தட்டியிருப்பார்கள்? நான் கதவுக்கு இந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது எத்தனை தடவை அந்தக் கைகள் பிரிந்து சேர்ந்தனவோ, தெரியாது.

நேற்று தெய்வநாயகம் சார் படிவத்தோடு வந்தார். யாதம்மா பெயரை இந்த வருஷம் எழுத வேண்டாம் என்றேன்.

"அதெப்படிம்மா? போன வருஷம் இருந்த ஆளு இந்த வருஷம் எங்க போனான்னு கேப்பான்லா? பழசையும் கிண்டுவான். சும்மா இருக்கிறதைச் சொறிஞ்சி விடாதீங்க."

"கிண்டட்டும் சார். கேட்டா உண்மையைச் சொல்லிடறேன்."

"கான்ட்ராக்ட் போயிரும்."

"போகட்டும்" என்றேன். வீரம் எல்லாம் இல்லை. அந்தப் பிள்ளை சுவரோரம் நின்றதை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது, அதுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, யாதம்மா பெயர் இல்லாமல் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். காபியைத் தொடவில்லை.

சமையலறைக்குப் போனேன். யாதம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். வசு அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நாரையெல்லாம் சேர்த்து மோதிரம் செய்துகொண்டிருந்தாள். நான் இருவருக்கும் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவர்களோடு அப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை.

"யாதம்மா, இனிமே எந்த ஆபீசர் கேட்டாலும் நீ ஒண்ணுதான் சொல்லணும். வசுவை நான்தான் வளக்கிறேன்னு சொல்லு. அவளைத் தூக்கி வெச்சுக்கிட்டே சொல்லு. யாருக்கும் பயப்பட வேண்டாம்."

யாதம்மா அவரைக்காயைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வருஷம் மாதிரியே உதடு அசைந்தது.

"வசுவை நான்தான் வளக்குறேன்" என்றாள். ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்துச் சொன்னாள். "வசுவை நான்தான் வளக்குறேன். சரியா வந்துச்சாம்மா?"

வந்தது என்று தலையை ஆட்டினேன்.

"ஆபீசரு எப்போ வர்றாரு, சொல்லு" என்றாள் யாதம்மா. "அதுக்குள்ள பாப்பாவுக்கும் சொல்லிக்குடுத்துடறேன்."